துப்பாக்கியில் பொறித்த இரண்டாவது பெயர்

அமெரிக்காவில் 500 டாலருக்குள் கிடைக்கும் புது ஷாட்கன்களில் பல துருக்கியில் செய்தவை. கொன்யா மாகாணத்தில் பெய்ஷெஹிர் பக்கமுள்ள ஹூலு, உசும்லு என்ற ஊர்கள் இந்தத் தொழிலுக்கே பேர்போனவை. விலை குறைவு என்பதாலேயே சரக்கு மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழுதானால் யாரிடம் போய் நிற்பது என்பதுதான் பெரிய கேள்வி.

விடை துப்பாக்கியிலேயே இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தயாரித்தவர் பெயரோடு இறக்குமதியாளரின் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் துப்பாக்கியில் பொறித்தாக வேண்டும். வாரண்டிக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்பவர் இந்த இரண்டாவது ஆள்தான். ஒரே பட்டறைச் சரக்கு வெவ்வேறு இறக்குமதியாளர் பெயரில் வருவதும் உண்டு. ஒருவரிடம் உதிரிபாகக் கிடங்கே இருக்கும், இன்னொருவரிடம் தொலைபேசி எண் மட்டும் இருக்கும். வாங்குமுன் அந்த எண்ணுக்குப் பேசி, “இந்த மாடலுக்கு ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர் கையிருப்பு இருக்கிறதா?” என்று கேளுங்கள். இழுத்தடித்தால் வேறு துப்பாக்கி பாருங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு? 1972-இல் வந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளைத் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. பழுதான டோஸ்டரைத் திரும்பப் பெற வைக்க அங்கே அரசு ஆணையம் உண்டு. பழுதான துப்பாக்கிக்கு இல்லை. நிறுவனமாக மனம் வைத்தால்தான் உண்டு. வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி.

கையில் இருப்பது 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம். 15 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு எழுத்து வாரண்டி இருந்தால், பணம் கட்டும் முன்பே அதைப் படிக்கக் கேட்கலாம். முதல் உரிமையாளருக்கு மட்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்று பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கினாலும் துப்பாக்கி, உரிமம் பெற்ற வியாபாரியின் கடைக்குத்தான் வரும். அங்கே வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் சோதித்துவிடுங்கள்; பெயருக்கு மாறிய பிறகு அது பழைய துப்பாக்கி. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சோக் குழாய் கைவிரலாலேயே திருகி இறங்க வேண்டும். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் இறுக்கம் என்றால் வேலை அவசரத்தில் நடந்திருக்கிறது. கடைக்காரர் அனுமதித்தால் போலித் தோட்டா போட்டு, சேஃப்டி பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

புது செமி ஆட்டோ முதலில் லேசான தோட்டாக்களில் திணறலாம். முதலில் கனமான தோட்டாக்களைச் சுடச் சொல்லும் கையேடுகள் உண்டு. போல்ட் மூடும்போதே வெடிப்பதும், சேஃப்டி போட்டிருக்கையில் வெடிப்பதும் இந்தத் தொடக்கத் திணறலில் சேராது. உடனே நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிடுங்கள். நீங்களே அரம் வைத்து ராவினால் வாரண்டி போகலாம்.

பழுதுபார்க்க, உரிமம் பெற்ற இறக்குமதியாளருக்கு நீங்களே நேரடியாக அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. அவரும் உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைக்குமுன் படம் எடுத்து, புகாரை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவு, சிறு வழக்கு நீதிமன்றம் இரண்டும் இருக்கின்றன. 1975 சட்டப்படி வழக்கில் வென்றால், உங்கள் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.