கூலியும் தாயகமும்

சிரியா தேசத்தில் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி அஸாத் குடும்பத்தின் கொடுங்கோல் முறிந்தது. 2011 முதல் யுத்தத்துக்கு அஞ்சி அயல்நாடுகளில் அடைக்கலம் புகுந்த ஜனங்கள் இனி வீடு திரும்பலாம் என்று நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அடைக்கலம் தந்த நாடுகளில், அவர்களை உடனே அனுப்பிவிட வேண்டும் என்ற கூச்சல் மறுநாளே எழுந்தது. ஜெர்மன் அரசியல்வாதி ஒருவர், விமானமும் ஆளுக்கு 1,000 யூரோவும் கொடுத்து அனுப்பலாம் என்று யோசனை கூறினார்.

இக்கூச்சலுக்குத் துணையாக ஒரு வாதம் வெகுநாளாக வழங்கி வருகிறது. அகதிக்கு நல்ல வேலை கொடுத்தால் வேரூன்றிவிடுவான்; இழிந்த வேலையில் வைத்தால் தானே போய்விடுவான் என்பதே அது. இவ்வாதம் தர்மத்துக்கும் விரோதம், அனுபவத்துக்கும் விரோதம் என்பது நம் அபிப்பிராயம்.

லெபனானில் சிரியருக்குப் பல்லாண்டுகளாகத் திறந்திருந்த தொழில்கள் விவசாயம், கட்டிட வேலை, துப்புரவு ஆகிய மூன்றே. ஜோர்டானில் 2016-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் வேலை அனுமதி கிடைத்தது; ஆயினும் வைத்தியம், என்ஜினீயரிங் போன்ற தொழில்கள் அடைபட்டே இருந்தன. துருக்கியிலும் அதே ஆண்டில் அனுமதி முறை வந்தது. எனினும் பெரும்பாலோர் சீட்டின்றியே தையற் பட்டறைகளிலும் வயல்களிலும் உழைத்தனர். கூலி அன்றைய வயிற்றுக்கே போதாதவனுக்கு, இடிந்த வீட்டுக்குக் கூரை போடப் பணம் எங்கிருந்து சேரும்? பத்தாண்டு கல் சுமந்த உபாத்தியாயர் எந்தப் பாடத்தை நினைவில் வைத்திருப்பார்?

அயல்நாட்டில் துன்பம் மிகுவதாலேயே திரும்புவோர் தொகை மிகுவதில்லை என்று உலக பாங்கியின் 2019-ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டியது. பின்னர் நடந்ததும் அதையே மெய்ப்பித்தது. கொடுங்கோல் வீழ்ந்தபின், 2025 செப்டம்பருக்குள் 10 லட்சம் பேர் வெளிநாடுகளிலிருந்து திரும்பினர். பதின்மூன்று ஆண்டு வறுமை செய்யாததைச் சுதந்திரத்தின் நம்பிக்கை சில மாதங்களிற் செய்தது.

ஜெர்மனியின் நிலை வேறு. அங்கே 2024-ல் சிரியப் பிரஜைகளான வைத்தியர் சுமார் 6,000 பேர் தொழில் புரிந்துவந்தனர். நல்ல வேலை மனிதனைப் பிணிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களிற் பலர் திரும்பாமலே இருக்கலாம். அது அவர்கள் உரிமை. திரும்புகிறவரோ வெறுங்கையுடன் திரும்பமாட்டார். சேமிப்பும் பழுதுபடாத கைத்திறனும் அவருடன் வரும். சிதைந்த ஆஸ்பத்திரிகளை நிமிர்த்த வல்லவர் அவரேயன்றோ?

ஆகவே அடைக்கலம் தந்த சர்க்கார்கள் செய்யவேண்டியது தெளிவு. கற்ற தொழிலைச் செய்ய விடுக. சட்டப்படி கூலி கிடைக்கச் செய்க. ஊரின் நிலையை நேரிற் கண்டு மீள அனுமதி தருக. 2025-ன் முதல் ஆறு மாதங்களில், குடும்பத்தில் ஒருவர் மூன்று முறை சென்று வரலாம் என்று துருக்கி அனுமதித்தது போற்றத்தக்கது. அந்த அனுமதி எங்கும் பரவவேண்டும்.

பசி விரட்ட ஊர் போகிறவன் இரண்டாம் முறையும் அகதியாகிறான். தானே தீர்மானித்துத் திரும்புகிறவனால்தான் தேசம் மீண்டும் எழும்.