பழைய வீட்டில் சுவரை இடிக்கப் போறீங்களா? உஷார்!

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம், சவுகார்பேட்டை பக்கம் தாத்தா காலத்து வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. மகனுக்கு கல்யாணம் ஆனதும் தனி ரூம் வேணும். வயசானவங்களுக்கு உள்ளேயே பாத்ரூம் வேணும். புதுசா கட்ட காசு இல்லை. "இந்த சுவரை எடுத்தா ஹால் பெருசாயிடும்" என்று மேஸ்திரியை கூப்பிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுவர்தான் தூண்

இப்போது கட்டும் வீடுகளில் பெரும்பாலும் பில்லரும் பீமும்தான் எடையை தாங்குகின்றன. நடுவில் இருப்பது வெறும் தடுப்புச் சுவர். எடுத்தாலும் வீடு நிற்கும். பழைய வீட்டில் பில்லரே கிடையாது. சுவர்தான் மொத்த வீட்டையும் சுமக்கிறது.

மேலே இருப்பது 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு சட்டங்களை வரிசையாக போட்டு, அதன் மேல் சின்ன செங்கல்லை குத்துக்கல்லாக சாய்வு வரிசையில் சுண்ணாம்பு வைத்து பதிப்பார்கள். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்து கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு ஒட்டுவார்கள். கம்பி கிடையாது. சட்டத்தின் நுனிகள் சுவரிலும் உத்திரத்திலும் உட்கார்ந்திருக்கும். அந்த சுவரை எடுத்தால் கூரையும் சேர்ந்தே வரும்.

எப்படி கண்டுபிடிப்பது?

அண்ணாந்து பாருங்கள். சட்டமோ உத்திரமோ எந்த சுவரில் முடிகிறதோ, அதில் கை வைக்கக் கூடாது. மாடியில் அதே இடத்தில் சுவர் இருந்தாலும் தொடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டிவிடுங்கள். கட்டாயம் திறப்பு வேண்டுமென்றால், அவர் சொல்லும் அளவில் இரும்பு கர்டர் கொடுக்க வேண்டும். அது உட்காரும் வரை கூரைக்கு முட்டு கொடுத்தே வேலை நடக்க வேண்டும்.

சுவரை எடுக்கும் முன் சட்டத்தின் நுனியையும் பாருங்கள். சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் ஈரமும் கரையானும் சேரும். வெளியே பளபளப்பாக இருக்கும் தேக்கு உள்ளே மாவாகி இருக்கலாம்.

தொட்டியும் பாத்ரூமும்

ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எடை ஒரு டன். அதை மெட்ராஸ் டெரஸ் நடுவில் வைக்காதீர்கள். தாங்கும் சுவருக்கு மேல், இன்ஜினீயரை கேட்டு வையுங்கள். மரக் கூரைக்கு மேல் பாத்ரூம் கட்டுவதும் வேண்டாம். சொட்டு சொட்டாக கசிந்தாலும் சட்டம் இற்றுப்போகும். கீழ்தளத்தில் பின்கட்டு ஓரமாக கட்டுவதே நல்லது.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது பலரும் செய்யும் தப்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி பூச்சு பெயர்ந்து வரும். பழைய சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

வெளிச்சத்துக்காக விட்ட முற்றத்தை மூடி ரூமாக்குவதும் உண்டு. மூடினால் பகலிலும் லைட் போடணும், காற்றும் வராது. மேலே கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் காற்று போக வழி விடலாம்.

வயரிங்

ஏ.சி., கீசர், கிரைண்டர் எல்லாவற்றையும் பழைய வயரிலேயே மாட்டினால் வயர் சூடாகி தீப்பிடிக்கலாம். புது வயர், எர்த், ஏ.சி.க்கு தனி லைன், ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இந்த நான்கும் கட்டாயம்.

பக்கத்து வீட்டையும் பாருங்க

நெருக்கமான தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் இருக்கும். இங்கே இடித்தால் அங்கே விரிசல் விடும். முதலில் அக்கம் பக்கத்தில் சொல்லுங்கள். சுவரை மாற்றுவது, மாடி ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு மாநகராட்சி அனுமதியும் வாங்குங்கள்.

வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். பாதி இடித்த பழைய சுவர் மழையில் ஊறினால் எப்போது சாயும் என்று சொல்ல முடியாது. வேலை நடக்கும்போது அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். குழந்தைகளை சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள். ரூம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் பரவாயில்லை, தலைக்கு மேல் கூரை நிற்கணும்!