ஆம்ப் பெடல் வாங்கப் போகிறீர்களா?

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் நம் மாணவர்கள் பலருக்கும் உள்ள சிக்கல் ஒன்றுதான். விடுதி அறையில் ஆம்ப்பைத் திறந்தால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். கலை இரவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதல்ல. ஆம்ப்பின் ஒலியை மின்னியல் முறையில் உருவாக்கித் தரும் பெடல்கள் இதற்கு நல்ல தீர்வு. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் கருவி வந்த பின் இத்தகைய கருவிகள் பரவலாயின. இன்று எதை வாங்குவது என்பதே கேள்வி.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "பெடலிலிருந்து வரும் ஒலி எதன் வழியாகக் கேட்கப் போகிறது?"

காரணம் உண்டு. கிட்டாரின் ஒலியை ஆம்ப் மட்டும் உருவாக்குவதில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். மண்டப ஒலிபெருக்கியும் ஹெட்போனும் அப்படிக் குறைப்பதில்லை. எனவே டிஸ்டார்ஷன் ஒலியை நேரே மிக்சருக்கு அனுப்பினால் தேனீக்கூட்டம் இரைவதுபோல் கேட்கும்.

இதைச் சரிசெய்வது 'ஐஆர்' எனப்படும் சிறிய ஒலிக்கோப்பு. ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன என்பது அதில் பதிவாகியிருக்கும். மிக்சரிலோ ஹெட்போனிலோ வாசிப்பவருக்கு இவ்வசதி கட்டாயம் தேவை. உண்மையான கிட்டார் ஆம்ப்பில் இணைப்பவர் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒலி இரண்டு பெட்டிகளைக் கடந்ததுபோல் மங்கிவிடும்.

அடுத்து, இணைப்புகளைப் பாருங்கள். 2019-இல் வந்த ஸ்டிரைமன் இரிடியத்தில் 3 ஆம்ப்களும், 2023-இல் வந்த பாஸ் ஐஆர்-2-இல் 11 ஆம்ப்களும் உள்ளன. இரண்டிலும் ஹெட்போன் துளை உண்டு. 2022-இல் வந்த யுனிவர்சல் ஆடியோ ட்ரீம் 65-இல் ஒரே ஆம்ப்தான். ஹெட்போன் துளை இல்லை. விடுதியில் இரவில் பயிற்சி செய்பவருக்கு இந்தச் சிறு துளை பெரிய வேறுபாடு.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். எல்லாம் 9 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். இரிடியத்துக்கு 500 மில்லி ஆம்பியர் தேவை. சாதாரண பெடலுக்கான 100 மில்லி ஆம்பியர் இணைப்பு அதற்குப் போதாது. அதற்கேற்ற அடாப்டரின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகவே கேட்கும். அதனால் அறையில் 'பாஸ்' அளவைக் கூட்டி வைப்போம். அதே அமைப்பு மண்டபத்தில் குமுறி, பாடகரின் குரலை மூழ்கடிக்கும். நிகழ்ச்சிக்கு முன் மண்டபத்திலேயே, இசைக்குழுவுடன் சேர்ந்து வாசித்து அளவுகளை மாற்றியமையுங்கள்.

கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணம் வீணாகக் கூடாது, நண்பர்களே. ஆம்ப்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், வாசிக்கப்போகும் இடத்தை நினைத்து வாங்குங்கள்.