ஒளிரும் குச்சிகளும் வெப்பநிலையும்: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

‘குளோ ஸ்டிக்’ எனப்படும் ஒளிரும் குச்சியைக் குழந்தைகள் பெரிதும் விரும்புவர். அதன் ஒளியைக் கூட்டுவதற்காகச் சூடாக்குவதும், நீட்டிப்பதற்காகக் குளிரூட்டுவதும் சில வீடுகளில் வழக்கம். இவ்விரண்டிலும் கவனம் தேவை.

ஒளி எவ்வாறு உண்டாகிறது?

நெகிழிக் குழாயினுள் டைஃபீனைல் ஆக்சலேட் வகைச் சேர்மமும் சாயமும் கலந்த கரைசல் உள்ளது. அக்கரைசலில் மூழ்கியுள்ள மெல்லிய கண்ணாடிக் குப்பியில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. குச்சியை வளைத்தால் குப்பி உடைந்து இரு திரவங்களும் கலக்கின்றன. அப்போது நிகழும் வேதிவினையில் வெளிப்படும் ஆற்றலைச் சாயம் பெற்று ஒளியாக உமிழ்கிறது. இது வேதி ஒளிர்வு எனப்படும்.

வெப்பநிலை என்ன செய்கிறது?

வெப்பநிலை உயர்ந்தால் மூலக்கூறுகள் விரைந்து மோதி, வினையின் வேகம் கூடுகிறது. பல வேதிவினைகளில் 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே வெந்நீரில் இட்ட குச்சி மிகப் பிரகாசமாக ஒளிர்ந்து, விரைவில் அணைந்துவிடும். உறைபெட்டியில் வைத்த குச்சி மங்கினாலும் நீண்ட நேரம் நீடிக்கும். குச்சிக்குள் இருக்கும் வேதிப்பொருளின் அளவு ஒன்றே. அது தீரும் வேகம்தான் மாறுகிறது.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

• மைக்ரோவேவ் அடுப்பிலோ தீயிலோ குச்சியைச் சூடாக்காதீர்கள். மூடிய குழாயில் அழுத்தம் பெருகி அது வெடிக்கக்கூடும். சூடான திரவமும் கண்ணாடித் துகள்களும் கண்ணில் தெறிக்கக்கூடும்.
• உணவுப் பொருள்களுடன் உறைபெட்டியில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகள் அதைக் குச்சி ஐஸ் என எண்ணிக் கடித்துவிடலாம்.
• குழாயை வெட்டவோ துளையிடவோ வேண்டாம். ‘நச்சற்றது’ என்று உறையில் அச்சிட்டிருப்பினும், திரவம் கண்ணையும் தோலையும் உறுத்தும்.

திரவம் பட்டுவிட்டால்

• வாயில்: சிறிதளவு திரவம் பொதுவாகக் கடுமையான நச்சுத்தன்மையை உண்டாக்குவதில்லை, எரிச்சலும் குமட்டலும் தோன்றலாம். வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்து, சிறிது நீர் அல்லது பால் கொடுங்கள். வாந்தி எடுக்கத் தூண்டாதீர்கள். கண்ணாடித் துகளால் காயம் ஏற்பட்டுள்ளதா என்று பாருங்கள்.
• கண்ணில்: கசக்காமல், வெதுவெதுப்பான தூய நீரை குறைந்தது 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள்.
• தோலில்: சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கழுவிய பின்னரும் கண் வலியோ சிவப்போ நீடித்தாலும், பார்வை மங்கினாலும், வாந்தி தொடர்ந்தாலும், கண்ணாடித் துண்டை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத் திணறல் ஏற்பட்டால், இந்தியாவில் 108 என்ற எண்ணை உடனடியாக அழையுங்கள்.

இத்தகவல் விழிப்புணர்வுக்கானது, மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.