உங்களுக்குத் தெரியுமா? கடல் நடுவே கன்னிக் கோபுரம்

இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி, பாஸ்பரஸ் நீரிணைக்குள் ஒரு சின்னப் பாறைத் திட்டு. அதன் மேல் நிற்கிறது ‘கிஸ் குலேசி’, அதாவது கன்னிக் கோபுரம்.

பெயருக்கு ஒரு கதை. மகள் பாம்பு கடித்துச் சாவாள் என்று குறி கேட்ட அரசன், அவளை இந்தத் திட்டில் குடிவைத்தானாம். பழக்கூடையில் ஒளிந்து வந்த பாம்பு அவளைத் தீண்டியதாம். பழத்துக்குள் புழுவாய் வந்து பரீட்சித்து மன்னனைக் கடித்த தட்சகன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது வேற்றூர்க் கதையாகவே தோன்றாது!

12ஆம் நூற்றாண்டில் பைசாந்தியர்கள் இங்கே கோபுரம் எழுப்பியது கப்பல்களை மறிக்க. எதிர்க்கரைக் கோபுரத்துக்கும் இதற்கும் இடையே இரும்புச் சங்கிலி கட்டினார்கள்.

1509 நிலநடுக்கத்தை இஸ்தான்புல் மக்கள் ‘குட்டி ஊழி’ என்றே அழைத்தார்கள். கோபுரமும் தப்பவில்லை. திரும்பக் கட்டியது மரத்தால். கலங்கரை விளக்காகவும் இருந்த அந்த மரக் கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயில் எரிந்தது. அதன்பின்தான் கல்லுக்கு மாறினார்கள்.

1830களில் தொற்றுநோய் பரவியபோது நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடமும் இதுதான். சுற்றிலும் கடல், அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? சுல்தான் இரண்டாம் மஹ்மூத் கோபுரத்தைப் புதுப்பித்ததும் அதே காலத்தில்தான். வாசலுக்கு மேலுள்ள கல்வெட்டு 1832 என்று ஆண்டு சொல்கிறது.

1940களில் நடந்த பழுதுபார்ப்புதான் கவனிக்க வேண்டியது. கோபுரம் கடலுக்குள் சரியாமலிருக்கச் சுற்றிலும் பெரிய பாறைகளைப் போட்டார்கள். நல்ல காரியம். கூடவே உள்தளங்களையும், மரத்தாலிருந்த குவிமாடத்தையும் கான்கிரீட்டாக்கினார்கள். கடலோரத்தில் வீடு உள்ளவர்களைக் கேட்டால் தெரியும்: உப்புக் காற்று பட்ட கம்பி துருப்பிடித்து உப்பும், மேலிருக்கும் கான்கிரீட் வெடித்துப் பெயரும். போதாததற்கு, பழைய கற்சுவர் மீது அத்தனை பாரம். அன்றைக்கு அதுதான் உறுதியான வழி என்று நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1999 ஆகஸ்ட் 17 நிலநடுக்கத்துக்குப் பிறகு எஃகுத் தாங்கிகள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே உணவகமாகவும் திறந்தார்கள்.

2021இல் தொடங்கியது மிகப் பெரிய சீரமைப்பு. மறுவருடம், தலைப்பகுதி இல்லாமல் சாரத்துக்குள் நின்ற கோபுரத்தின் படங்கள் பரவ, ‘இடித்துவிட்டார்களா!’ என்று ஊரே பதறியது. இடிக்கவில்லை. 1940களின் கான்கிரீட்டைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முந்தைய சீரமைப்பை நீக்குவதும் சீரமைப்பில் சேர்த்தி என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எளிதில் புரியாது. அந்தப் பதற்றத்தை நான் குறையாக நினைக்கவில்லை. ஒரு கோபுரத்தின் தலை காணாமல்போனால் ஊர் கேட்கத்தான் வேண்டும்.

குவிமாடம் மறுபடியும் மரத்துக்கே திரும்பியது. 2023 மே மாதம் கோபுரம் அருங்காட்சியகமாகத் திறந்தது. படகில்தான் போக வேண்டும்.