செவ்வாயின் காற்று எங்கே போச்சு?



பிளஸும் மைனஸும் சேர்ந்தால் என்ன ஆகும்? "ஒட்டிக்கும்" என்றுதான் எல்லாரும் சொல்வோம். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒட்டித்தானே சாப்பாட்டு உப்பு வருது! ஆனால் வானத்தின் உச்சியில், பிளஸும் மைனஸும் சேர்ந்ததும் உடைந்து சிதறும் வினை ஒன்று உண்டு. செவ்வாய்க் கோள் தன் காற்றை இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செவ்வாயின் காற்றில் சுமார் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் அந்த மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் கழன்றுவிடும். மீதி இருப்பது நேர் அயனி. அது பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் அணுவோடு வினைபுரிந்து, ஆக்சிஜன் மூலக்கூறு அயனி உண்டாகிறது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், இறங்கும் வழியில் அளந்தபோது இந்த அயனியே அதிகம் இருந்தது.

இந்த அயனியிடம் ஓர் எலக்ட்ரான் வந்து சேரும்போது நிறைய ஆற்றல் வெளிவருகிறது. அதை வாங்கிக்கொள்ள அங்கே வேறு யாரும் இல்லை. அதனால் மூலக்கூறே இரண்டாக உடைந்து, இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஆற்றலைப் பங்கு போட்டுக்கொண்டு பறக்கின்றன. தட்டாமாலை சுற்றும்போது கையை விட்டுட்டா இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் போய் விழுவோமே, அதுபோலத்தான்.

எவ்வளவு வேகம் தெரியுமா? விநாடிக்கு 6.5 கிலோமீட்டர் வரை!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. செவ்வாயின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும். அதனால் மேல்நோக்கிப் பறக்கும் அணு, வழியில் எதிலும் மோதாவிட்டால், விண்வெளிக்குப் போயே போச்சு. திரும்பி வராது. தாழ்வான இடத்தில் உடைந்தால் மற்ற மூலக்கூறுகளோடு மோதி வேகம் குறைந்துவிடும். சுமார் 200 கிலோமீட்டருக்கு மேலே உடைவதுதான் தப்பிக்கும்.

நாசாவின் மேவன் விண்கலம் 2014இல் செவ்வாயை அடைந்து மேல்காற்றை அளந்தது. அந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டதில், இந்த வழியில் மட்டும் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜன் வெளியேறுவது தெரிந்தது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அப்படியென்றால் ஒரு நாளில் 80 டன்னுக்கு மேல்! இது பல நூறு கோடி ஆண்டுகளாக நடக்கிறது.

ஆக்சிஜன் போவது தண்ணீர் போவதும்தான். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் இலேசானது, அது இன்னும் சுலபமாகத் தப்பிவிடும். ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம் செவ்வாயில் இன்றும் இருக்கு, ஆறு இல்லை.

நம்ம பூமியின் மேல்காற்றிலும் இதே வினை தினமும் நடக்கிறது. அதனால் இரவு வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான சிவப்பு ஒளிகூட உண்டாகிறது; கருவியில் அதைப் பார்க்கலாம். ஆனால் பூமியை விட்டுப் போக 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 6.5 எங்கே, 11.2 எங்கே! மேலே போன அணு மறுபடியும் நம்மிடமே வந்து விழும். நாம் மூச்சு விடுகிறோம் என்றால், பூமி இவ்வளவு கனமாக இருப்பதற்கும் நன்றி சொல்லணும்.

சிந்திக்க: வெள்ளிக் கோளின் விடுபடு வேகம் விநாடிக்கு 10.4 கிலோமீட்டர். அங்கே இந்த வினையால் ஆக்சிஜன் தப்பிக்குமா? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி