நெரிசல் நேரம் யாருடைய நேரம்?

ஆங்கிலத்தில் 'ரஷ் அவர்' என்பதை நாங்கள் 'ஒபிஸ் டைம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். காலையிலும் பின்னேரத்திலும் பஸ் படியில்கூடக் கால் வைக்க இடமிராத நேரம் அது. எமது மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அது ரெண்டு மூண்டு மணித்தியாலம் நிக்குதே, பிறகேன் 'அவர்' எண்டு சொல்றாங்கள்?" 'அவர்' என்பதற்கு மணித்தியாலம் மட்டுமல்ல, வேளை என்றும் பொருளுண்டு.

'ரஷ்' என்ற சொல்லின் கதைதான் என் மனதைத் தொட்டது. இன்று அதற்கு அவசரமாக ஓடுதல் என்று பொருள். ஆனால் அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது விரட்டுதல், பின்னுக்குத் தள்ளுதல் என்ற பொருளையே கொண்டிருந்தது. விரட்டப்படுவது என்றால் என்ன என்று எம்மில் பலருக்கு அகராதி பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடு ஓரிடம், வேலை இன்னோரிடம் என்றானபோதுதான் 'ரஷ் அவர்' என்ற பேச்சு எழுந்தது. பிரித்தானியாவில் 1883இல் ஒரு சட்டம் வந்தது. மாலை 6 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில் தொழிலாளருக்குக் குறைந்த கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்றது அது. நல்ல சட்டம்தான். ஆனால் லண்டனில் வேலை செய்த ஏழைப் பெண்கள் மலிவு ரயிலைப் பிடிப்பதற்காக விடியவே வந்திறங்கினார்கள். வேலைத்தலங்களோ இன்னும் திறக்கவில்லை. குளிரில் தெருவில்தான் நிற்க வேண்டும். 1890இல் லண்டன் வோல் பகுதியிலுள்ள ஓல் ஹலோஸ் தேவாலயத்துக்குப் பொறுப்பாக வந்த சாமுவேல் ஜோன் ஸ்டோன் என்ற குருவானவர், அப்பெண்கள் இளைப்பாறுவதற்காகக் கோயிலைத் திறந்துவிட்டார். காசு மிச்சம், நித்திரை நட்டம். இந்தக் கணக்கு எங்களுக்கும் புதிதல்ல.

நெரிசலில் பெண்கள் படும்பாடு வேறு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் எமது நாட்டில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாக 90 வீதமான பெண்கள் அதில் கூறியிருந்தார்கள். சேலையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவது சும்மா அலங்காரத்துக்கு அல்ல.

இன்னொரு விடயம். பஸ் நேர அட்டவணையைப் போடுபவர்கள் இந்த ஒபிஸ் டைமைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, சந்தைக்குப் போய், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும் பயணங்கள் அந்த வேளைக்குள் அடங்குவதில்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் இனெஸ் சான்செஸ் டி மதாரியாகா இவற்றுக்குப் 'பராமரிப்புப் பயணம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். கணக்கெடுப்புகளில் இவை சந்தை, பாடசாலை என்று துண்டு துண்டாகப் பதியப்படுவதால் சிறிதாகத் தெரிகின்றன. ஒன்றாகக் கூட்டினால் வேலைக்குப் போகும் பயணங்களுக்குக் கிட்ட வரும் என்று அவர் காட்டினார்.

ஒபிஸ் டைமில் பஸ் உண்டு, இடமில்லை. பத்தரை மணிக்குக் கிளினிக் துண்டோடு சந்தியில் நிற்பவளுக்குப் பஸ்ஸே இல்லை.